பந்தயத் திடலில் பறந்த ஒற்றைத் துணி இறக்கை



புக்கிட் பாத்தோக்கில் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. பாடத்தின் நடுவே, சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, கூரைக்கு மேலே விமானப்படை விமானம் கடந்து செல்லும் வரை காத்திருப்போம். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். தெங்கா விமானத்தளம் அவ்வளவு அருகில் இருக்கிறது. அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னை ஒரு கேள்வியால் மடக்கினான். அக்கேள்விக்கு அன்று நான் நேர்மையாக விடை சொல்லவில்லை. அதற்குரிய விடையைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை. இதில் வரலாறும் உண்டு, நான் செய்ய வேண்டிய ஒரு திருத்தமும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், 'விமானம் எவ்வாறு பறக்கிறது?' என்னும் தலைப்பில் கருத்தறிதல் பத்தி ஒன்றை நானே எழுதினேன். நண்பர்கள் சிலரும் அதைப் படியெடுத்துப் பயன்படுத்தி வருகிறார்கள். அதன் மூன்றாம் பத்தியின் சாரம் இது: இறக்கையின் மேற்பக்கம் வளைந்தது, கீழ்ப்பக்கம் தட்டையானது. முன்விளிம்பில் இரண்டாகப் பிரியும் காற்று, பின்விளிம்பில் ஒரே நேரத்தில் மீண்டும் சேர வேண்டும். மேலே செல்லும் காற்றுக்குத் தொலைவு அதிகம் என்பதால் அது விரைந்தோட வேண்டியிருக்கிறது. விரைந்தோடும் காற்றில் அழுத்தம் குறையும். ஆகவே விமானம் மேலே தூக்கப்படுகிறது. படிக்க அழகாகத்தான் இருந்தது. நான் பள்ளியில் படித்ததும் அதுவே.

அன்று அம்மாணவன் பயிற்சித்தாளையே மடித்துச் செய்த காகித விமானத்தைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இதுக்கு மேலேயும் தட்டை, கீழேயும் தட்டைதானே? அப்புறம் எப்படிப் பறக்குது?" என்று கேட்டான். "அது பறப்பதில்லை தம்பி, மெல்ல விழுகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிரவுதான் வேறொரு விடைத்தாள் நினைவுக்கு வந்தது. அதே பத்திக்குரிய நான்காம் வினாவுக்கு முன்னொரு மாணவி, இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் விமானம் மேலே நிற்கிறது என்று எழுதியிருந்தாள். பத்தியில் இல்லாத விடை என்று சிவப்பு மையால் கோடிட்டு இரண்டு மதிப்பெண்களையும் குறைத்தேன். அவள் தந்தை வந்து கேட்டபோதும், "பத்தியில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்" என்று வாதாடினேன். கருத்தறிதல் பயிற்சியின் விதிப்படி நான் சொன்னது சரிதான். ஆனால் பத்தியே தவறாக இருந்தால்?

விடை தேடத் தொடங்கியவனை, பழைய நாளிதழ்களும் நூல்களும் நான் எதிர்பாராத ஓர் இடத்திற்கு இட்டுச் சென்றன. அது நம் தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபேரர் பார்க்.

இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைப் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறும் வரை அங்கேதான் இருந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் அத்திடலிலிருந்து ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு மேலெழுந்தார். சிங்கப்பூர் வானில் விமானம் பறந்தது அதுவே முதன்முறை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் 12 விநாடிகள், 120 அடி தூரம் பறந்து ஏழேகால் ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர் ஓட்டியது பிரிஸ்டல் நிறுவனத்தின் 'பாக்ஸ்கைட்'. பெட்டிப் பட்டம் என்று பொருள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், இடையே மரக்கால்கள், கம்பிகள். 50 குதிரைத்திறன் கொண்ட ஓர் எந்திரம். விமானி உட்காரக் கீழ் இறக்கையின்மீது ஒரு திறந்த இருக்கை. மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர்தான் அதன் வேகம். இன்று தீவு விரைவுச்சாலையில் போகும் பேருந்தும் ஏறத்தாழ அவ்வளவு விரைவாகத்தான் போகிறது.

என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது அதன் இறக்கையைப் பற்றிய ஒரு குறிப்பு. பாக்ஸ்கைட்டின் இறக்கைச் சட்டத்தின்மீது ஒரே ஓர் அடுக்குத் துணிதான் போர்த்தப்பட்டிருந்தது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல் என்று இரண்டு இல்லை. மெல்லிய வளைவுடைய ஒற்றைத் துணி, அவ்வளவுதான். துணியின் மேற்பக்கத்தின் நீளமும் கீழ்ப்பக்கத்தின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. என் பத்தியின்படி பார்த்தால், மேலே செல்லும் காற்றுக்கு விரைந்தோட எந்தக் காரணமும் இல்லை. என் பத்தி உண்மையானால், அன்று ஃபேரர் பார்க்கில் கூடியிருந்தவர்கள் ஒரு விமானம் தரையில் ஓடுவதை மட்டுமே பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

அந்த விமானத்தின் பெயரிலேயே அதன் பரம்பரை இருக்கிறது. பெட்டிப் பட்டத்தை 1893இல் உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த லாரன்ஸ் ஹார்கிரேவ். மறு ஆண்டு நவம்பரில், சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், நான்கு பட்டங்களை ஒரே கயிற்றில் கோத்து, அவற்றின் உதவியால் தாமே 16 அடி உயரம் எழுந்தார். எந்திரம் கிடையாது, கடற்காற்றுதான். பட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் மெல்லிய தாளோ துணியோதான். நூல் அதைச் சாய்த்துப் பிடிக்கிறது, காற்று வந்து மோதிக் கீழ்நோக்கித் திரும்புகிறது, பட்டம் மேலே நிற்கிறது. நூல் அறுந்தால் சாய்வும் போகும், பட்டமும் போகும். மாஞ்சா தடவிப் பட்டம் விட்ட தலைமுறையினருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஹார்கிரேவுக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் யாருமே காற்று பின்விளிம்பில் 'சேர வேண்டும்' என்ற கதையை நம்பி இறக்கை செய்யவில்லை. அவர்கள் அளந்தார்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1799இலேயே, மேலே தூக்கும் விசை வேறு, பின்னே இழுக்கும் விசை வேறு என்று பிரித்து, ஒரு வெள்ளித் தகட்டில் கோடுகளாகப் பொறித்து வைத்தார். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால், தட்டையான இறக்கையைவிட வளைந்த இறக்கை நன்கு தூக்கும் என்பதை அளந்தறிந்து 1889இல் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ 2000 முறை குன்றுகளிலிருந்து மிதந்திறங்கியவர், 1896 ஆகஸ்டில் அப்படி ஒரு முயற்சியில் விழுந்து உயிர்நீத்தார்.

ரைட் சகோதரர்களின் கதையில் ஆசிரியர்களுக்கு உறைக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. அவர்களுடைய 1901ஆம் ஆண்டு மிதவை விமானம் கணக்கிட்டதைவிட மிகக் குறைவாகவே தூக்கியது. அக்கணக்கில் அவர்கள் பயன்படுத்திய ஓர் எண், பதினெட்டாம் நூற்றாண்டின் பொறியாளர் ஸ்மீட்டன் பெயரால் வழங்கிவந்தது, 0.005 என்பது அதன் மதிப்பு. நூற்றாண்டுக்கும் மேலாக நூலுக்கு நூல் அது எடுத்தாளப்பட்டுவந்தது. சகோதரர்கள் தங்கள் சோதனைகளிலிருந்து மறுபடியும் கணக்கிட்டபோது அது 0.0033 அளவில்தான் வந்தது. அதாவது, எல்லோரும் நம்பிய எண் உண்மையைவிட ஒன்றரை மடங்கு பெரிது. பிறகு தங்கள் மிதிவண்டிக் கடையில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக்கி, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். படியெடுத்துப் படியெடுத்துப் பரவிய ஒரு தவற்றைப் பற்றிப் படிக்கையில், என் பயிற்சித்தாள் என் மேசைமீதே இருந்தது.

சிங்கப்பூருக்கு ஓராண்டு முன்னதாகவே, 1910 மார்ச் மாதம், மதராஸுக்கு அருகே பல்லாவரத்திலும் ஒரு விமானம் எழுந்தது. மவுண்ட் ரோட்டில் தங்கும் விடுதி நடத்திவந்த டாஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு உள்ளூரிலேயே அதைக் கட்டுவித்தார். பிரான்சின் பிளேரியோ 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி உலகெங்கும் பலரைப் பித்துப் பிடிக்க வைத்திருந்த காலம் அது. சிம்சன் அன்று குதிரை வண்டிகளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம். வண்டி செய்யும் கைகளே விமானத்தையும் செய்தன என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஓர் இடைக்குறிப்பு. நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலைச் சான்று காட்டிப் பெற்றோர் சிலர் எனக்குச் செய்தி அனுப்புவதுண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் ஐவர் 1974இல் அந்நூலை ஆராய்ந்து, அது 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று என்றும், அதில் சொல்லப்படும் ஊர்திகள் எவையும் பறக்கத் தக்கவையல்ல என்றும் முடிவு கூறினார்கள். வானூர்தியைக் கற்பனை செய்து பாடிய நம் புலவர்களின் பெருமை அதனால் சற்றும் குறையாது. ஆனால் கற்பனையைப் பொறியியல் என்று பிள்ளைகளிடம் சொல்லாதிருப்போம்.

மீண்டும் ஃபேரர் பார்க். 1919 டிசம்பர் 4ஆம் நாள் அதே பந்தயத் திடலில் இன்னொரு விமானம் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாள்களுக்குள் பறப்போருக்கு 10,000 பவுண்டு பரிசு என்ற அறிவிப்பை ஏற்று, ராஸ் ஸ்மித், அவர் அண்ணன் கீத் ஸ்மித், எந்திர வல்லுநர்களான பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வரும் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12இல் புறப்பட்டிருந்தார்கள். இறக்கையின் நீளம் மட்டும் 68 அடி. அவ்வளவு பெரிய விமானத்துக்கு நம் பந்தயத் திடல் மிகச் சிறிது. அந்நாளில் விமானச் சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. வாலின் அடியிலுள்ள சறுக்குக்கட்டை தரையில் உராய்ந்துதான் விமானம் நிற்க வேண்டும். வால் மேலே தூக்கியபடி ஓடினால், திடல் முடிந்துவிடும்.

பென்னட் என்ன செய்தார் தெரியுமா? விமானம் இறங்கும் வேளையில் தம் இருக்கையிலிருந்து வெளியேறி, விமானத்தின் முதுகின்மேலேயே சறுக்கிக்கொண்டு வால் வரை சென்றுவிட்டார். அவருடைய எடையால் வால் விரைவாகக் கீழே அமிழ்ந்தது; ஏறத்தாழ நூறு கஜத்தில் விமானம் நின்றது. மனிதர் ஒருவரின் எடை எங்கே இருக்கிறது என்பதே ஒரு விமானத்தின் சாய்வை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. டிசம்பர் 10இல் அவர்கள் டார்வினை அடைந்து பரிசையும் பெற்றார்கள்.

அடுத்த பாடம் துயரமானது. 1922 ஏப்ரல் 13இல் இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜுக்கு அருகே புதிய விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில், அது சுழன்று விழுந்து ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் இறந்தார்கள். இறக்கையைச் சாய்க்கச் சாய்க்கத் தூக்குவிசை கூடும். ஆனால் ஓர் அளவுக்குமேல், பொதுவாக 15 பாகையை ஒட்டி, காற்று இறக்கையின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு செல்ல முடியாமல் பிய்ந்துவிடும். அப்போது தூக்குவிசை சரிந்துவிடுகிறது. ஒரு பக்க இறக்கை மறுபக்கத்தைவிட மிகுதியாக அப்படிச் சரிந்தால், விமானம் பம்பரம்போல் சுழன்று இறங்கும்.

இனி என் பத்தியின் தவற்றுக்கு வருகிறேன். பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி, இறக்கையின்மீது புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் படம் பிடித்து, 2003இல் ஆசிரியர்களுக்கான இதழொன்றில் இதைத் தெளிவாக விளக்கினார். மேலே சென்ற காற்று, கீழே சென்ற தன் கூட்டாளிக்காகக் காத்திருக்கவில்லை. முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிட்டது. மேலே காற்று விரைகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது என்பனவெல்லாம் உண்மையே. 1738இல் பெர்னூலி எழுதியது பொய்யாகிவிடவில்லை. அதற்கு நான் சொன்ன காரணம்தான் பொய். வளைவும் சாய்வும் கொண்ட இறக்கை, தன் மேலும் கீழும் செல்லும் காற்றின் பாதையை வளைத்துக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றை அவ்வாறு வளைக்க மேலே அழுத்தம் குறைந்தும் கீழே மிகுந்தும் இருந்தாக வேண்டும். அவ்வழுத்த வேறுபாடே விமானத்தைத் தூக்குகிறது. அழுத்தம் என்று சொன்னாலும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்றைக் கீழே தள்ளுவதன் எதிர்விளைவு என்று சொன்னாலும், சொல்வது ஒரே நிகழ்ச்சியைத்தான். அம்மாணவி எழுதியது சரி.

தேசிய நாள் அணிவகுப்புக்கு முந்தைய வாரங்களில் பெரிய கொடியைத் தாங்கிச் செல்லும் ஹெலிகாப்டரைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது முன்னே ஓட வேண்டியதில்லை. இறக்கையையே சுழற்றிக் காற்றைக் கீழே தள்ளுகிறது. பலூன் மட்டும் இக்கூட்டத்தில் சேராதது. தான் விலக்கும் காற்றைவிட எடை குறைந்தது என்பதால் அது மிதக்கிறது. ஓடவும் தேவையில்லை, தள்ளவும் தேவையில்லை.

பாக்ஸ்கைட்டிலிருந்து இன்றைய விமானம் வரை வந்த வழியையும் பிள்ளைகளுக்கு எண்களால் காட்டலாம். பாக்ஸ்கைட்டின் எடை ஏறத்தாழ அரை டன். இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 42 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை 12 கிலோ சுமந்தது. 2007 அக்டோபர் 25இல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குத் தன் முதல் வணிகப் பயணத்தைத் தொடங்கிய ஏ380 விமானத்தின் இறக்கைப் பரப்பு 845 சதுர மீட்டர், இரண்டு கூடைப்பந்துத் திடல்கள் அளவு. அது எழும்பும்போது சுமக்கக்கூடிய மொத்த எடை ஏறத்தாழ 560 டன். சதுர மீட்டருக்கு 660 கிலோ! ஐம்பது மடங்குக்கும் மேல். இது எப்படி முடிகிறது? வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். வேகம் நான்கு மடங்கானால் பதினாறு மடங்கு. எஞ்சியதில் பெரும்பங்கு, இறக்கையின் பின்விளிம்பிலிருந்து நீண்டு கீழே வளையும் மடல்களின் வேலை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சன்னலோர இருக்கை கிடைத்தால், அவை நீள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். காகிதப் பட்டையை உதட்டருகே பிடித்து மேலே ஊதினால் அது எழும்புவதைப் பள்ளிகளில் காட்டுகிறோம். வேகமான காற்றில் அழுத்தம் குறையும் என்பதற்குச் சான்றாகவும் சொல்கிறோம். அதே பட்டையை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கத்தில் ஊதிப் பாருங்கள். அது ஊதும் பக்கமாக இழுபடாது. வளைந்த பட்டையைப் பின்பற்றிக் காற்று கீழே திரும்பும்போதுதான் பட்டை எழுகிறது. இன்னும் எளிய வழி, மேசை மின்விசிறியின் முன் தடித்த அட்டை ஒன்றைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது. அட்டை மேலே எழ முயல்வதை ஒரு கை உணரும். கீழ்நோக்கித் திரும்பிய காற்றை மறு கை உணரும். அம்மாணவனை அடுத்த வகுப்பில் முன்னே அழைத்து, இதைத்தான் செய்யச் சொன்னேன். அவனுடைய காகித விமானம் பறக்கத்தான் செய்கிறது என்பதையும், முன்பு நான் சொன்னது தவறு என்பதையும் எல்லோர் முன்னும் சொன்னேன்.

அம்மாணவி படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டாள். அவள் தந்தையைச் சென்ற மாதம் உணவங்காடி நிலையத்தில் பார்த்தபோது விவரத்தைச் சொன்னேன். "அந்த ரெண்டு மார்க்க இப்போ கொடுத்து என்ன சார் ஆகப்போகுது? ஆனா நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று அவளுடைய எண்ணைக் கொடுத்தார். சொன்னேன்.

அந்தப் பயிற்சித்தாளை என்னிடமிருந்து பெற்றுக்கொண்ட நண்பர்கள், மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு, கீழ்வருவதை அங்கே சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

'விமானம் விரைந்து செல்லும்போது, சாய்வும் வளைவும் கொண்ட அதன் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அப்போது இறக்கையின் மேலே காற்றழுத்தம் குறைகிறது; கீழே மிகுகிறது. அதனால் விமானம் மேலே தூக்கப்படுகிறது. 1911ஆம் ஆண்டு சிங்கப்பூரில் முதன்முதலாகப் பறந்த விமானத்தின் இறக்கை ஒற்றைத் துணியால் ஆனது. அதுவும் இவ்வாறே பறந்தது.'

நான்காம் வினாவை மாற்ற வேண்டாம். விடைக்குறிப்பை மட்டும் மாற்றினால் போதும்.